மருந்துக்கும் ஒரு பாடு

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. நம் ஊரில் ஆஸ்பத்திரி வாசலை மிதித்த எல்லோருக்கும் இது தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஆயாக்கள்கூட இதைப் படித்துவிடுவார்கள். ஆனால் அந்த மூன்று எண்களுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் ஆறு மணிக்கு எழுவார், எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுவார், ஒரு மணிக்குச் சோறு, இரவு ஒன்பதுக்குள் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். பழவேற்காட்டுக் குப்பங்களில் வீடு வீடாகப் போன ஆறு வருடங்களில் நான் அந்த மனிதரை அதிகம் சந்திக்கவில்லை.

சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் பூநாரை பார்ப்பார்கள், டச்சுக் கல்லறை பார்ப்பார்கள், நண்டு வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது. இங்கே சிலர் ஏரியில் வலை போடுகிறார்கள், சிலர் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறார்கள். எதுவானாலும் புறப்படும் நேரத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை. நீரோட்டம், காற்று, நிலவு, நேற்று யாருக்கு என்ன கிடைத்தது என்ற பேச்சு, எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். இரவு இரண்டு மணிக்குப் போகிறவர் உண்டு. சாயங்காலம் போய் விடியற்காலை திரும்புகிறவரும் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அக்காவிடம், “அண்ணன் காலை மாத்திரை போட்டாரா?” என்று கேட்டேன். அவர் நண்டைப் பிரித்துப் போட்டபடியே நிமிர்ந்து பார்த்தார். “எந்தக் காலைம்மா? அவுரு போவும்போது ராத்திரி ரெண்டு மணி. வந்து, துன்னுட்டு, தூங்கி எழுந்தா சாயங்காலம். இதுல நீ சொல்ற காலை எது?”

கிண்டலாக அவர் கேட்கவில்லை. எனக்கும் உடனே பதில் சொல்ல வரவில்லை.

நர்சிங் படிக்கும்போது ஐந்து ‘சரி’களை மனப்பாடம் செய்வோம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். வார்டில் ஊசியைக் கையில் எடுத்ததும் இந்த ஐந்தும் மனதில் ஓட வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “எங்க பாடு மாதிரிதான் இருக்குது” என்றார். பாடு என்பது இந்த ஏரியின் பழைய ஏற்பாடு. யார், எந்த இடத்தில், எந்த நாளில், எந்த வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வது. முறை தவறினால் சண்டை வரும், அடுத்தவர் பிழைப்பு போகும். அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மருந்துக்கும் அதே மாதிரி ஆள், இடம், நேரம், அளவு எல்லாம் உண்டு. ஒரு வித்தியாசம் என்னவென்றால், பாட்டை வகுத்தவர்கள் இந்த ஏரியிலேயே வாழ்கிறவர்கள். 1-0-1 அப்படி வகுக்கப்பட்டதில்லை.

மருந்தியல் என்றால் பயந்துவிட வேண்டாம். அதன் அடிப்படை இரண்டே கேள்விகள்தான். உடம்பு இந்த மருந்தை என்ன செய்கிறது? இந்த மருந்து உடம்பை என்ன செய்கிறது? முதல் கேள்விக்குள் மருந்து எப்படி உள்ளே போகிறது, எங்கெல்லாம் பரவுகிறது, கல்லீரல் அதை எப்படி உடைக்கிறது, சிறுநீரகம் எப்படி வெளியேற்றுகிறது என்பதெல்லாம் வரும். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறோம். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபினுக்கு அது 30 முதல் 50 மணி நேரம். அதைக் காலை எட்டு மணிக்குப் போட்டாலும் மதியம் இரண்டு மணிக்குப் போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. தினமும் ஒன்று, விடாமல் போட வேண்டும், அவ்வளவுதான். சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிமிபிரைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். அதனால்தான் அன்றைய முதல் நல்ல சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்கிறோம்.

சீட்டில் இரண்டும் ‘காலை’ என்றுதான் இருக்கும். ஒரு காலை வளைந்துகொடுக்கும். இன்னொரு காலை கொடுக்காது. எது எப்படி என்று தெரிந்துவைத்திருப்பதுதான் எங்கள் வேலை.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர். பெயர் வேண்டாம். சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும், கொதிப்புக்கு அட்டெனலாலும் எழுதியிருந்தார்கள். ‘காலை, சாப்பாட்டுக்கு முன்’. மனிதர் பயங்கர ஒழுங்கு. எழுந்ததும் மாத்திரை போட வேண்டும் என்று புரிந்துகொண்டு, இரவு இரண்டரைக்கு எழுந்து மாத்திரையைப் போட்டு, ஒரு கிளாஸ் டீ குடித்துவிட்டுப் போட் ஏறியிருக்கிறார். சாப்பாடு கரைக்கு வந்த பிறகுதான். சில மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் மீன் கிடைக்காமல் இன்னும் தூரம் போயிருக்கிறார்கள். விடிந்தும் திரும்பவில்லை. வலை இழுக்கும்போது கை ஓடவில்லை, பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் தம்பியைத் திட்டுகிறார். குடித்திருக்கிறார் என்று தம்பி நினைத்துக்கொண்டார். கூட இருந்த பையன் ஒருவனுடைய அம்மாவுக்கும் சர்க்கரை. அவனுக்குப் பொறி தட்டியது. கையிலிருந்த கூல்டிரிங்க்ஸைக் கொடுத்துக் குடிக்க வைத்திருக்கிறான். விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் பிழைத்தார்.

அட்டெனலாலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சர்க்கரை இறங்கினால் உடம்பு சத்தம் போடும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். அட்டெனலால் இதயத்துடிப்பை அடக்கிவைக்கிற மருந்து. அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மூடிவிடக்கூடும். அது மறைக்காத எச்சரிக்கை வியர்வை. ஏசி அறையில் வியர்த்தால் பக்கத்தில் இருப்பவர் கவனிப்பார். போட்டில் வலை இழுக்கிற நான்கு பேரும்தான் வியர்வையில் குளித்திருக்கிறார்கள். யாருடைய வியர்வை ஆபத்து என்று எப்படித் தெரியும்?

இரண்டு நாள் கழித்து நான் போனபோது வீட்டில் எல்லா மாத்திரையையும் நிறுத்தியிருந்தார்கள். அந்த அண்ணி, “இந்த மாத்திரையாலதாம்மா தண்ணில வுட்டுட்டு வந்திருப்போம். இனிமே வேணாம்” என்றார். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. அன்று போட்டில் நடந்தது ஒரு மணி நேரத்து ஆபத்து. மருந்தை அடியோடு நிறுத்தினால் கண், கால், சிறுநீரகம் என்று சத்தமில்லாமல் பல வருடங்களுக்கு இழுக்கும். அட்டெனலாலைத் திடீரென்று நிறுத்துவதும் நல்லதல்ல, இதயம் திமிறும். மருந்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. டாக்டரிடம் சொல்லும் கடமை உண்டு. அங்கிருந்தே போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “இவர் ராத்திரி தொழிலுக்குப் போறவர்னு எனக்கு யாருமே சொல்லலையேம்மா.”

யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. சீட்டில் வயது இருக்கிறது, எடை இருக்கிறது, பிபி இருக்கிறது. எப்போது சாப்பிடுவார் என்பதற்குக் கட்டம் இல்லை.

கிளிமிபிரைடு கரைக்கு வந்து சாப்பிடும் வேளைக்கு மாறியது. கொதிப்பு மாத்திரையை டாக்டர் படிப்படியாக வேறொன்றுக்கு மாற்றினார். போனைத் தண்ணீர் படாமல் வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு சர்க்கரைப் பொட்டலமும் போட்டுவைத்தோம். மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, கரைக்குத் திருப்ப வேண்டும். தம்பியையும் அந்தப் பையனையும் உட்காரவைத்துச் சொன்னேன். நோயாளியிடம் மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்த நேரத்தில் அவருக்கே ஒன்றும் புரியாது.

பழவேற்காட்டில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. நோன்பு மாதம் நெருங்கினால் சர்க்கரை இருப்பவர்கள் முன்கூட்டியே வந்து கேட்பார்கள். டாக்டர்களும் யோசித்து, பலருக்குக் காலை அளவை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றித் தருவார்கள், சஹருக்கு என்ன என்று சொல்வார்கள். யாருக்கும் இது விசித்திரமாகப் படுவதில்லை. பிறைக்கு ஏற்ப மருந்து நேரத்தை மாற்ற முடியும் என்றால் நீரோட்டத்துக்கு ஏற்பவும் மாற்ற முடியும். மீனவர்கள் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

நேரம் மட்டுமல்ல, அளவும் இங்கே வழுக்கும். ஒரு ஆயாவுக்கு இன்சுலின் 20 யூனிட். ஒரு மாதமாகச் சர்க்கரை இறங்கவே இல்லை, அளவைக் கூட்டலாமா என்ற பேச்சு வந்தது. “எப்படிப் போட்டுக்கிறீங்க, காட்டுங்க ஆயா” என்றேன். சரியாக 20 கோடு வரை இழுத்தார். கை ஆடவில்லை. ஆனால் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். இந்தியாவில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி, 100 யூனிட் இன்சுலினுக்கானது. பேரன் கடையில் கேட்டு வாங்கும்போது மாறிவிட்டது. அந்தச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் ஆயாவுக்குப் போவது 8 யூனிட்தான். இதுவே தலைகீழாக, 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்திருந்தால் 50 யூனிட் போயிருக்கும். அப்போது நான் ஆயாவைப் பார்த்தே இருக்க மாட்டேன். 8 யூனிட் போய்க்கொண்டிருந்தபோது அளவைக் கூட்டியிருந்தால், பிறகு என்றாவது சரியான சிரிஞ்ச் கைக்கு வந்த நாளில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். சீட்டில் ஒரு பிழையும் இல்லை. ஆயாவின் கையிலும் பிழை இல்லை. சிரிஞ்சின் மூடியைப் பார்க்காமல் அது தெரிந்திருக்காது.

அதனால் வீட்டுக்குள் போனதும் நான் முதலில் கேட்பது மருந்துப் பையை. துணிக்கடைக் கட்டைப்பை, பிஸ்கட் டப்பா, சாமி படத்துக்குப் பின்னால் செருகிய பாலித்தீன் கவர். அதைப் பாயில் கொட்டச் சொல்வேன். ஒரு வீட்டில் அரசு மருந்தகத்தில் தந்த அம்லோடிபின் அட்டையும், ஒரு தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த வேறு பெயர் போட்ட அட்டையும் கிடந்தன. இரண்டாவதைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால் அதுவும் அம்லோடிபின். அண்ணன் இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. அம்லோடிபின் அளவு கூடினால் அப்படி வீங்கும். அந்த வீக்கத்துக்கென்று நீர் பிரியும் மாத்திரை ஒன்றும் பையில் சேர்ந்திருந்தது. வலை இழுத்த உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் தனியே. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், நீர் மாத்திரை உடம்பை வற்ற வைக்கும், மேலே வெயில். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு காரணம் இருந்தது. மொத்தத்தையும் ஒன்றாகப் பார்க்க ஆளில்லை. பையைப் படம் எடுத்து டாக்டரிடம் காட்டினேன். நான்கில் இரண்டு போனது, அடுத்த சில வாரங்களில் வீக்கமும் போனது.

2017இல் உலக சுகாதார நிறுவனம், மருந்தால் நேரும் தவிர்க்கக்கூடிய கடுமையான பாதிப்பை ஐந்து வருடத்தில் பாதியாக்க வேண்டும் என்று உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இதை வாசிக்கும்போது பெரிய ஆஸ்பத்திரிகளும் கம்ப்யூட்டர்களும்தான் நினைவுக்கு வரும். எனக்குப் பாயில் கொட்டிய அந்தப் பைதான் நினைவுக்கு வருகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருபவர் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண். இதன் மதிப்பு, ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். மருந்து வீடு வரை வந்துவிட்டது. வீட்டிலிருந்து வயிற்றுக்குள் சரியாகப் போக இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது.

சமுதாயப் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகள் கையில் நோட்டுடன், ‘எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டாரா: ஆம் / இல்லை’ என்று கட்டம் போட்டுக்கொண்டு வருவார்கள். இரண்டு நாளைக்கு அந்த நோட்டை மூடிவைக்கச் சொல்லிவிடுவேன். பிபி மெஷினை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: நேற்று எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள், இன்று தொழில் உண்டா? காற்றும் மழையுமாகத் தொழில் இல்லாத நாளில் எப்போது சாப்பிடுவீர்கள்? பதிலைக் கேட்டுவிட்டுப் பிறகு மாத்திரை அட்டையைப் பாருங்கள். வேறு மாதிரித் தெரியும்.

போன மாதம் வந்த ஒரு பெண் இங்கேயே ஒரு குப்பத்தில் பிறந்தவள், அப்பா ஏரியில் வலை போடுகிறவர். அவளுக்கு நான் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று, “பெரிப்பா, இன்னைக்கு ஒங்க பாடா?” என்று கேட்டாள். ஆமாம் என்றதும் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்போ இத இப்போ போடாதீங்க, டாக்டர் கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்று போனை எடுத்தாள்.