கண் தெரியாத கருப்பிக்கு ஜல்லிக்கல் வேலி

எங்க தோட்டத்துக் கிணத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. ஆழம் 50 அடி. ரோட்டோரம் கிடந்த நாயைக் காப்பாத்தின டவுன் பிள்ளைங்க, "வளர்க்க ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க வச்சிருங்கண்ணா"ன்னு கொண்டுவந்து விட்டப்ப எனக்கு முதல் கவலையே அந்தக் கிணறுதான். கருப்பிக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. வெளிச்சமும் நிழலும் மட்டும் கொஞ்சம் தெரியும்னார் கால்நடை டாக்டர்.

முள் போட்டா மூஞ்சி கிழியும். நாள் பூரா சங்கிலியில கட்டவும் மனசு வரல. கிணத்தைச் சுத்தி நாலடி அகலத்துக்கு ஜல்லிக்கல் பரப்பினேன். தினமும் கயித்தைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். கல்லு கால்ல பட்டதும் "நில்லு"ம்பேன். நின்னா ஒரு துண்டு பொறை. பத்து நாள்ல, கல்லு பட்டாலே தானாத் திரும்பிடுச்சு.

வீட்டுல கட்டில், தண்ணித்தொட்டி எதையும் இடம் மாத்தறதில்ல. மாத்தினா முட்டிக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தொடணும். திடீர்னு தொட்டா பயத்துல கடிச்சிடும். வெளியில ஆட்டுக் கழுத்து மணிச்சத்தம் கேட்டே பின்னாடி போகும்.

வர்ற ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்ல இருந்து ஒரு குடும்பம் பார்க்க வர்றாங்க. நாலாவது மாடி வீடாம். பால்கனிக் கம்பிக்கு இடைவெளி எவ்வளவுன்னு கேட்டிருக்கேன். அது தெரிஞ்ச பிறகுதான் மத்த பேச்சு.