ஆடுகளுக்கு வழிவிட்டு ஒரு சைக்கிள் பயணம்... இங்கிலாந்தின் ரீத் கிராமத்தைச் சுற்றி 3 ரூட்!

இங்கிலாந்து என்றதும் லண்டன், டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை என்றுதான் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், சைக்கிள் பிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சின்னச் சின்ன ஊர்களின் பெயர்களைச் சொல்வார்கள். அவற்றில் ஒன்று, ரீத்.

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கிராமம் இது. ஊர் நடுவே சரிவான ஒரு புல்வெளி. அதைச் சுற்றி கல் வீடுகள், டீக்கடைகள், பப்கள். கொஞ்சம் கீழே ஸ்வேல் நதி. இந்த நதி ஓடும் பள்ளத்தாக்குக்கு ஸ்வேல்டேல் என்று பெயர். 'டேல்' என்றால் பள்ளத்தாக்கு.

சைக்கிள் விஷயத்தில் நமக்கும் இங்கிலாந்துக்கும் பழைய பந்தம் உண்டு. நம் தாத்தாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ-வும் பர்மிங்ஹாமில் பிறந்த பெயர்கள். பி.எஸ்.ஏ என்பதன் விரிவே 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. துப்பாக்கி செய்த கம்பெனி அது! 1949-ல் முருகப்பா குழுமம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் மூலம் ஹெர்குலிஸ் நம் ஊர் வண்டியானது.

சரி, ரீத்திலிருந்து எங்கெல்லாம் போகலாம்? மூன்று வழிகளைப் பார்ப்போம்.

ரூட் 1: நதியோரம் (போய்வர சுமார் 30 கி.மீ)

புதிதாக ஓட்டுபவர்களுக்கும், குடும்பமாகப் போகிறவர்களுக்கும் ஏற்றது இது. ரீத்திலிருந்து மேற்கே கன்னர்சைட் வழியாக மியூக்கர் கிராமம் வரை போய்த் திரும்பலாம். சாலை ஏறி இறங்கினாலும் மூச்சு முட்டாது.

வழியெங்கும் சாந்து எதுவும் பூசாமல், கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள். வயலுக்கு ஒன்றாகக் கல் கொட்டகைகள். குளிர்காலத்தில் கீழே மாடும் மேலே தீவனப் புல்லும் இருந்த கொட்டகைகள் இவை. ஜூன் மாதம் போனால், மியூக்கரைச் சுற்றியுள்ள புல்வெளிகள் முழுக்கக் காட்டுப்பூக்கள். அந்தப் புல் மாடுகளுக்கான குளிர்காலத் தீவனம் என்பதால், உள்ளே இறங்கி மிதித்து போட்டோ எடுக்கக் கூடாது. பாதையிலேயே நில்லுங்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சோக வரலாறும் உண்டு. ஒரு காலத்தில் மேலே உள்ள ஊர்களில் யாராவது இறந்தால், உடலைப் பிரம்புக் கூடையில் வைத்து, சுமார் 25 கி.மீ தூரம் நடந்தே கிரின்டன் தேவாலயத்துக்குச் சுமந்து வருவார்களாம். 1580-ல் மியூக்கரில் தேவாலயம் வந்த பிறகுதான் அந்தச் சுமை குறைந்தது.

ரூட் 2: இரண்டு மலைகள் (சுமார் 60 கி.மீ)

இது பழகிய கால்களுக்கு. ரீத்திலிருந்து கிரின்டன் மூர் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால் காசில் போல்டன். ஸ்காட்லாந்து ராணி மேரியை 1568-ல் சிறைவைத்த கோட்டை இங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து ஆஸ்க்ரிக் வழியாக ஹாஸ். வென்ஸ்லிடேல் சீஸுக்குப் பெயர்பெற்ற சந்தை ஊர் அது. வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்து வருவதுதான் பட்டர்டப்ஸ் கணவாய்!

4.5 கி.மீ தூரம், சராசரியாக 6.8% சரிவு. அதாவது, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கிட்டத்தட்ட 7 மீட்டர் மேலே ஏற வேண்டும். உச்சி 526 மீட்டர். ஊட்டிக்கு முன்னால் இது சின்ன மேடுதான். ஆனால், எதிர்க்காற்று வீசும் நாளில் அப்படிச் சொல்ல வாய் வராது.

பெயர்க்காரணம் சுவையானது. சாலையோரம் ஆழமான சுண்ணாம்புக்கல் குழிகள் இருக்கின்றன. ஹாஸ் சந்தைக்கு வெண்ணெய் கொண்டுபோன விவசாயிகள், ஓய்வெடுக்கும் நேரத்தில் அது உருகாமலிருக்க இந்தக் குழிகளில் இறக்கி வைப்பார்களாம். இயற்கை ஃப்ரிட்ஜ்!

2014 ஜூலை 5 அன்று டூர் டி பிரான்ஸின் முதல் நாள் பந்தயம் லீட்ஸில் தொடங்கி இந்தக் கணவாய் வழியாகத்தான் போனது. இரண்டு பக்கமும் ஜனக்கூட்டம், நடுவில் சைக்கிள் போகும் அளவுக்குத்தான் இடம். ஊர் ஊராகப் பழைய சைக்கிள்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துச் சுவரில் மாட்டினார்கள். அன்று மலையேற்றத்துக்கான சிவப்புப் புள்ளிச் சட்டையை வென்றவர், ஜெர்மனியின் யென்ஸ் ஃபோக்ட். வயது 42!

கணவாயிலிருந்து த்வெய்ட் கிராமத்துக்கு இறங்கும்போது பிரேக்கில் கை இருக்கட்டும். சாலை நடுவே செம்மறி ஆடுகள் படுத்திருக்கும். சுருண்ட கொம்பும் கறுப்பு முகமும் கொண்ட ஸ்வேல்டேல் ஆடுகள். அவை நகராது, நீங்கள்தான் நகர வேண்டும்.

ரூட் 3: பிரிட்டனின் உயரமான பப் (ஒரு வழி சுமார் 18 கி.மீ)

ரீத்திலிருந்து வடமேற்கே ஆர்கன்கார்த்டேல் பள்ளத்தாக்கு வழியாக ஏறினால் டான் ஹில் இன். 528 மீட்டரில் இருக்கும் இதுதான் பிரிட்டனின் மிக உயரமான பப். கடைசி சில கிலோமீட்டர்களில் மரமே கிடையாது. வானம், புல், காற்று மட்டும்தான்.

2021 நவம்பரில் ஆர்வென் புயல் வீசியபோது, இங்கே வந்த 61 பேர் பனியில் மாட்டிக்கொண்டு மூன்று இரவுகள் தங்க நேர்ந்தது. அன்று பாட வந்த இசைக்குழுவும் உள்ளேயே சிக்கிக்கொண்டது என்பதால் பொழுது நன்றாகவே போயிருக்கிறது!

அழகுக்குப் பின்னால்...

படத்தில் பார்க்க சொர்க்கம் போலிருக்கும் இந்த ஊர்களின் வாழ்க்கை அத்தனை சுலபமில்லை. ஒரு காலத்தில் இங்கே ஈயச் சுரங்கங்கள்தான் சோறு போட்டன. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் வெளிநாட்டு ஈயம் மலிவாக வர, சுரங்கங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் பிழைப்பு தேடிக் கிளம்பின. மிஞ்சியது ஆடும் மாடும்தான்.

2019 இன்னும் சோதனையான வருடம். மாணவர்கள் குறைந்துபோய் ஆர்கன்கார்த்டேல் தொடக்கப்பள்ளி மூடப்பட்டது. ஜூலை 30-ம் தேதி திடீர் வெள்ளம் வந்து வீடுகளுக்குள் புகுந்தது, கிரின்டன் அருகே ஒரு பாலத்தையும் அடித்துக்கொண்டு போனது. செப்டம்பரில் உலக சைக்கிள் சாம்பியன்ஷிப் வரவிருந்ததால், அவசரமாகத் தற்காலிகப் பாலம் போட்டார்கள். ஆனால், ஆண்களுக்கான முக்கியப் பந்தயத்தன்று மறுபடியும் கனமழை. பட்டர்டப்ஸ், கிரின்டன் மூர் இரண்டையும் பாதையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காத்திருந்த பள்ளத்தாக்குக்கு அந்தப் பந்தயம் வரவே இல்லை.

இப்போது டீக்கடைக்கும் தங்கும் விடுதிக்கும் வருமானம் தருவதில் சைக்கிள்காரர்களுக்கும் பங்கு உண்டு. அதே சமயம், சுற்றுலாவால் வேறொரு சிக்கல். வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென வீடு வாங்கிப்போட, உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு எட்டாக்கனியாகிறது. 2025 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட இரண்டாவது வீடுகளுக்கு வட யார்க்‌ஷர் கவுன்சில் வரியை இரு மடங்காக்கியிருக்கிறது. இளம் குடும்பங்கள் தங்கினால்தான் பள்ளி நிலைக்கும், கடை நிலைக்கும், ஆடு மேய்க்கவும் ஆள் இருக்கும்.

போவதற்கு முன்...

* மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஆகஸ்ட்டில் ஹெதர் புதர்கள் பூத்து, மலையே ஊதா நிறமாகும். எந்த மாதமானாலும் மழை ஜாக்கெட் அவசியம்.

* ரீத்துக்கு ரயில் கிடையாது. லண்டனிலிருந்து வருபவர்களுக்கு டார்லிங்டன் ஸ்டேஷன் வசதி. ஹாஸிலிருந்து தொடங்குவதென்றால், சுமார் 10 கி.மீ தூரத்தில் கார்ஸ்டேல் ஸ்டேஷன் இருக்கிறது.

* நம் ஊர் போலவே அங்கும் இடதுபக்கம்தான். 2022-ல் திருத்திய சாலை விதிகளின்படி, மணிக்கு 30 மைல் வேகம் வரை போகும் கார்கள், சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். நீங்களும் குறுகலான சாலையில் டிராக்டர் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். அவர்களுக்கு அது வேலை நேரம்.

* மலைமேல் பல இடங்களில் செல்போன் சிக்னல் எடுக்காது. வரைபடத்தை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

* சாப்பாட்டையெல்லாம் நகரத்து சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ரீத்திலோ மியூக்கரிலோ ஒரு டீயும் ஒரு துண்டு கேக்கும் வாங்கிச் சாப்பிடுங்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போதும் அந்தக் கடை திறந்திருக்க அது உதவும்.