ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

வாலாஜாபாத்தில் ஒரு மாடி போர்ஷன். ஒரு ரூம், அதை ஒட்டி சின்ன ஹால், அவ்வளவுதான். குடியிருப்பது அண்ணன், தம்பி ரெண்டே பேர். அண்ணனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, அடிக்கடி நைட் ஷிப்ட். தம்பி காலேஜ். ஹாலில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, அதில் ஹார்ட் டிஸ்க் கொள்ளாமல் இளையராஜா. ஸ்பீக்கர் மட்டும்தான் இல்லை.

சேர்த்து வைத்த காசோடு தம்பி காஞ்சிபுரம் போனான். கடையில் அவன் கண்ணில் பட்டது ஒரு 2.1 செட். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் '2000 வாட்ஸ் பிஎம்பிஓ'. வேற என்ன வேணும்? தூக்கிட்டு வந்துட்டான்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன் ரூமில் படுத்தார். தம்பி கதவைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தான். அரை மணி நேரத்தில் அண்ணன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குக் கிளம்பினார். மே மாத வெயில்!

"அண்ணா, சவுண்டு கம்மியாதானே வெச்சேன்?"

"பாட்டு கேக்கலடா. செவுருதான் தும்மு தும்முனு அடிக்குது. நீ கேளு, பரவால்ல."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த 'பரவால்ல'தான் தம்பியைக் குத்தியது.

தப்பு எங்கே? முதலில் அந்த 2000 வாட்ஸ். பிஎம்பிஓ என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது, விளம்பரத்துக்கான எண் அது. செட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது, எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 25 வாட்ஸ்! உள்ளே போகாதது தொடர்ந்து வெளியே எப்படி வரும்? பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் அளவு. அதிலும் ரொம்ப மயங்க வேண்டாம். காதுக்குச் சத்தம் ரெண்டு மடங்காகத் தெரிய, வாட்ஸ் கிட்டத்தட்ட 10 மடங்கு வேணும். கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்க சில வாட்ஸே தாராளம்.

அடுத்தது, தரையில் வைத்த அந்த வூஃபர் பெட்டி. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். கதவு, செங்கல் சுவர் எல்லாம் மேல் ஸ்தாயியைத் தடுக்கிற அளவுக்கு இதைத் தடுக்காது. அதனால் அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்குப் பாட்டு போகாது, இடி மட்டும் போகும். ராத்திரி முழுக்க மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வந்த காதுக்கு அது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

தம்பி மறுபடி கடைக்குப் போனான். பணம் திரும்பாது, மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். இந்த முறை பெட்டியைப் படிக்கவில்லை, பாட்டை எடுத்துப் போனான். 1978ல் வந்த 'ப்ரியா', ஸ்டீரியோவில் பதிவான பாடல்கள். வால்யூமைக் குறைத்து வைத்துக் கேட்டான். குரல் நடுவில் நிற்கிறதா, வாத்தியங்கள் இடம் வலம் பிரிகின்றனவா? வூஃபர் இல்லாத ஒரு சாதாரண ஜோடி ஸ்பீக்கர் அதில் பாஸானது.

வீட்டில் வைத்ததும் முறையாக. ரெண்டுக்கும் நடுவே உள்ள தூரமும், தலையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரமும் ஒன்றே. காது உயரத்துக்கு வர, கீழே ரெண்டு கெட்டிப் புத்தகம். சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி. பேஸ் கம்மிதான், மறுப்பதற்கில்லை. சத்தம் குறைந்தால் கீழ் ஸ்தாயி காதுக்கு இன்னும் மங்கும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதுக்கு ஈக்வலைசரில் ஒரு துளி ஏற்றினால் போதும்.

அடுத்த நைட் ஷிப்ட் வாரம். அண்ணன் ரூமில் படுத்திருந்தார். தம்பி எதற்கும் இருக்கட்டும் என்று பாட்டை நிறுத்தினான்.

உள்ளேயிருந்து குரல். "ஏன்டா நிறுத்திட்ட? அந்த ஃப்ளூட் முடியட்டும்டா."

கடைக்காரர் கேட்பார், எத்தனை வாட்ஸ் வேணும்னு. பக்கத்து ரூமில் யார் தூங்குறாங்கன்னு நீங்கதான் யோசிக்கணும் :)