கத்தி ஒன்று, கன்னம் இரண்டு

அன்பின் ஒஸ்தா மாமாவுக்கு,



நேரில் வந்து நன்றி சொன்னால் நீங்கள் சொல்ல விடுவதில்லை. "அது கிடக்கட்டும் மகன், டீ குடிச்சியா?" என்று பேச்சைக் கிறுக்கிவிடுவீர்கள். இரண்டு தரம் வந்து, இரண்டு தரமும் பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் திரும்பினேன். ஆகவே எழுதுகிறேன். ஊர் பார்க்க எழுதுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். கடையில் பேப்பர் பார்க்க வருகிற யாராவது இதைச் சத்தமாக வாசிப்பார்கள். எழும்பிப் போகாமல் கேளுங்கள்.

2020 மார்ச் 20ஆம் திகதி பின்னேரம் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. சலூன்கள் பூட்டப்பட்டன. கிழமைக்கு இரண்டு தரம் உங்கள் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே பழகிய எனக்கு, சொந்த முகத்தை எப்படி வழிப்பது என்று தெரியாது. மூன்றாம் கிழமை உம்மாவின் பெட்டகத்தைக் கிளறியபோது மூத்தாப்பாவின் சவரக்கத்தி கிடைத்தது. கறுத்த பிடி. அலகின் அடியில், தேய்ந்தும் தேயாமலும், ஜெர்மனியின் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயர். கத்திக்குப் பேர்போன ஊர் அது. ஊர்ப்பெயரைப் பார்த்ததுமே கத்தி கூராகத்தான் இருக்கும் என்று முடிவெடுத்துவிட்டேன். என் முதல் பிழை அதுதான்.

கை மயிரில் வைத்து இழுத்துப் பார்த்தேன். வழித்தது. சரி, கூர் என்றேன். முகத்தில் வைத்தேன். மயிரை வெட்டவில்லை, பிடுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. நாடியில் இரண்டு இடத்தில் இரத்தம். உடனே அடுத்த முடிவு: கத்தி மொட்டை. கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் தண்ணீர் தெளித்து, தேங்காய் வெட்டும் கத்தியைத் தீட்டுவதுபோல முதுகைத் தூக்கிப் பிடித்து, பத்து நிமிடம் தீட்டினேன். அதோடு மூத்தாப்பாவின் கத்தி முடிந்தது. அது அதற்கு முன் உண்மையிலேயே மொட்டையாக இருந்ததா, என் கைதான் மொட்டையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. சாட்சியை நானே அழித்துவிட்டேன்.

ஊரடங்கு தளர்ந்து நீங்கள் கடையைத் திறந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் விரலால் தடவிப் பார்க்கவில்லை. நகத்தில் உரசவில்லை. வாசலடிக்குப் போய், வாய் மேலே பார்க்க வெளிச்சத்தில் பிடித்தீர்கள். "இஞ்ச பார், வெள்ளையா ஒரு கோடு மின்னுதா? கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது மகன். தெரியிற இடமெல்லாம் மொட்டை." அலகின் நுனியிலிருந்து அடி வரை, மழை பெய்த ரோட்டுப்போல, அது மின்னிக்கொண்டிருந்தது.

பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். சிரிக்கவில்லை, அதற்கே தனியாக ஒரு நன்றி. "கத்தியும் பிழை, கையும் பிழை. ரெண்டையும் ஒண்டா திருத்த ஏலாது" என்றீர்கள். லாச்சியைத் திறந்து, உங்கள் முகத்துக்கு மட்டும் வைத்திருந்த கத்தியை எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து நீட்டினீர்கள். "இது நான் தீட்டினது. இது வெட்டாட்டி கத்திய ஏசாத."

இந்த ஒரு வசனத்துக்குத்தான் இந்த மடல்.

பழகுகிறவனுடைய சங்கடம் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. முகம் எரிகிறது, மயிர் இழுபடுகிறது, இரத்தம் வருகிறது. இவை எல்லாம் மொட்டைக் கத்தியாலும் வரும், பிழையான பிடியாலும் வரும், நுரை காய்ந்துபோனாலும் வரும். நல்ல கூர் முகத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு தரமாவது அறிந்தவனுக்குத்தான் இன்றைக்குக் கூர் குறைந்திருக்கிறது என்று சொல்லத் தெரியும். அறியாதவன் கத்தியைத் தீட்டுவான், கையை மாற்றுவான், சோப்பை மாற்றுவான், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவான்; எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசி வரை தெரியாது. நீங்கள் கத்தியைச் சந்தேகத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். மிஞ்சியது என் கை மட்டும்.

ஒரு கிழமை கழித்து வந்து, இந்தக் கத்தியும் இழுக்கிறது என்றேன். கொஞ்சம் குற்றம் சாட்டுகிற குரலில்தான் சொன்னேன், மாப்புச் செய்யுங்கள். நீங்கள் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தீர்கள். திரும்பாமலே கேட்டீர்கள்:

"எந்தக் கன்னத்தில?"

"இடது."

"வலதில?"

"அங்க பிரச்சினை இல்ல."

"கத்தி ஒண்டுதானே. ரெண்டு கன்னத்துக்கு ரெண்டு கூர் இரிக்குமா?"

கதிரையில் இருந்தவர் துணிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வீட்டுக்குப் போன பிறகுதான்.

வலது கைக்காரன் வலது கன்னத்தை வழிக்கும்போது கை இயல்பாக விழுகிறது. இடது கன்னத்துக்கு முகத்துக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோக வேண்டும்; கண்ணாடியில் பார்வையை முழங்கை மறைக்கும்; மணிக்கட்டு மடங்கும்; நமக்குத் தெரியாமலே கத்தியின் முதுகு முகத்தை விட்டு எழும்பிவிடும். எழும்பினால் அது வழிக்காது, சுரண்டும். அதற்குப் பயந்து முகத்தோடு படுக்க வைத்தால் மயிரை இழுக்கும். இரண்டும் எனக்குக் கூர் இல்லாத கத்திபோலத்தான் தெரிந்தது.

சாய்வு எவ்வளவு என்று கேட்டேன். முப்பது பாகை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. கன்னத்தில் பாகைமானியை வைத்தா வழிப்பது? நீங்கள் வாசலில் காயப்போட்டிருந்த நெல்லில் ஒரு மணியை எடுத்து வந்து, என் கன்னத்தில் அலகை வைத்து, முதுகுக்கும் தோலுக்கும் இடையில் அந்த மணியை நிமிர்த்திப் பிடித்துக் காட்டினீர்கள். "இவ்வளவுதான். நெல்லு நிண்டா சரி, படுத்தா பிழை." பிறகு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அலகின் அகலம் பதினாறு மில்லிமீற்றர் அளவு, நெல்மணி எட்டு. சரியாக முப்பது பாகை! நம் ஊர் மாவடிப்பள்ளியில் இரண்டு பக்கமும் வயலை வைத்துக்கொண்டு வேறு எந்த அளவுகோலைத் தேடுவது?

மற்றவற்றைத் துண்டு துண்டாகத்தான் சொன்னீர்கள், ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒன்று. மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடி, தொய்ந்த தோலில் எந்தக் கத்தியும் தடுக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் மயிரை ஊறவிடு; நனைந்த மயிர் காய்ந்த மயிரைவிட லேசாக வெட்டுப்படும். கழுத்தில் மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று முதலில் விரலால் தடவிப் பார், சிலருக்கு அது பக்கவாட்டில்கூடப் போகும். அழுத்தாதே. கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தாதே, வெட்டுக்காயம் அப்படித்தான் வரும். வெட்டினால் சீனக்காரக் கட்டியை நனைத்து வை. அந்தக் கட்டி சொல்லும் உண்மையை நானாகத்தான் கண்டுபிடித்தேன்: வழித்து முடிந்ததும் முகம் முழுக்கத் தடவினால், எங்கே கடுமையாக எரிகிறதோ அங்கே அன்று கை பிழைத்திருக்கிறது. எனக்கு இடது நாடிக்குக் கீழே எரியும்.

தோல்வாரில் இழுக்கிற வேலையை மூன்றாம் மாதம் வரை தரவில்லை. முதுகு முன்னால், வாய் பின்னால்; திருப்பும்போது முதுகில் உருட்டித் திருப்ப வேண்டும், வாயில் உருட்டினால் வார் கிழியும், கூரும் போகும்; வாரைத் தொய்ய விட்டால் வாய் உருண்டுவிடும். உங்கள் கைக்கு அது ஓசையாகவே வரும். எனக்கு இப்போதும் எண்ணினால்தான் வரும்.

கல்லில் தீட்டுவது வேறு கதை. முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படுத்திருக்க வேண்டும் என்றும், முதுகுதான் கோணத்தைக் காப்பாற்றுகிறது என்றும் நீங்கள் காட்டியபோது எனக்குக் கிணற்றுக்கட்டு நினைவுக்கு வந்தது. மூத்தாப்பாவின் கத்தியை எடுத்து, நான் கெடுத்ததை நாலு நாளாக, கடையில் ஆள் இல்லாத நேரங்களில், தண்ணீர் தொட்டுத் தொட்டு மீட்டீர்கள். காசு வாங்கவில்லை. இன்றைக்கு ஆயிரம், நாலாயிரம், எட்டாயிரம் என்று இலக்கம் போட்ட கற்கள் விற்கிறார்கள். உங்கள் கல்லில் இலக்கம் இல்லை. நடுவில் குழி விழாமல் இருக்கிறதே, அதுதான் அதன் சான்றிதழ்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். நீங்கள் எனக்குக் கத்தி தந்த அதே 2020இல், ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மயிர் எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் சவர அலகு ஏன் மழுங்குகிறது என்பதுதான் கேள்வி. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். வாய் தேய்வதைவிட, சில இடங்களில் நுண்ணிய சில்லுகளாக உடைவதுதான் காரணம் என்று கண்டார்கள். மயிர் வளைந்து சாய்வாக வாயில் மோதும்போது, எஃகு சீராக இல்லாத இடத்தில் சில்லு போகிறதாம். இதை உங்களுக்கு வாசித்துச் சொன்னபோது, "அதுக்குத்தானே மயிர ஊறவைக்கச் சொல்ற, தோலை இழுத்துப் பிடிக்கச் சொல்ற" என்றீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் இதழை மடித்துவிட்டேன்.

இன்னொன்று. இருநூறு வருடத்துக்கு முந்தி லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் இருந்தார். சத்திரசிகிச்சைக் கருவியும் சவரக்கத்தியும் செய்கிறவர். இந்தியாவிலிருந்து வந்த 'வூட்ஸ்' எஃகு ஐரோப்பாவின் எந்த எஃகைவிடவும் மேலானது என்று தன் விளம்பரச் சீட்டிலேயே அச்சடித்திருந்தார். பிறகு மைக்கேல் ஃபரடேயோடு சேர்ந்து அந்த எஃகை ஆராய்ந்தார். அந்த 'வூட்ஸ்', கன்னடத்து உக்கிலிருந்தோ நம்முடைய உருக்கிலிருந்தோ வந்த சொல் என்பார்கள். சோலிங்கன் பெயரைக் கண்டு நான் மயங்கியது எவ்வளவு தூரத்து மயக்கம் பாருங்கள்.

மற்றக் காரணத்துக்கு வருகிறேன்.

'ஒஸ்தா' என்ற சொல் பாரசீகத்து உஸ்தாதிலிருந்து தேய்ந்து வந்தது. உஸ்தாத் என்றால் ஆசான். மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவரை அப்படிக் கூப்பிடும்போது எழும்பி நிற்கிறோம். அதே சொல் நாற்பதாம் நாள் பிள்ளைக்குத் தலைமுடி இறக்க, சுன்னத்துக் கலியாணத்துக்குக் கத்தி பிடிக்க வருகிறவரின் வாசலுக்கு வந்ததும், கலியாணப் பேச்சில் "அது ஒஸ்தா வீடு" என்று குரலைத் தாழ்த்தச் செய்கிற சொல்லாகிவிடுகிறது. அக்கரைப்பற்றில் பல வருடம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளரும் நம் பக்கத்து ஒஸ்தாக்களின் இந்தத் தாழ்ந்த நிலையைப் பதிந்து வைத்திருக்கிறார். மார்க்கத்தில் இல்லாத ஒன்றை ஊரில் வைத்திருக்கிறோம். நானும் என் வீட்டில் அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டு வளர்ந்தவன்தான்; ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. அதனால்தான் இந்த நன்றியை உங்கள் கடைக்குள் வைத்துக் காதோடு சொல்ல மனம் வரவில்லை.

பொடியன்மாரின் சலூன்களில் இப்போது ஆளுக்கொரு புது பிளேடு போடுகிற கத்திதான். நோய் தொற்றாமல் இருக்க அதுதான் சரி, நீங்களும் உங்கள் கடையில் அதைத்தான் வைத்திருக்கிறீர்கள். தீட்டத் தெரிய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. உங்கள் மகனுக்கும் தெரியாது.

கடைசியாக நீங்கள் செய்த களவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழகத் தொடங்கி ஏழெட்டு மாதம் இருக்கும், மாரி பிடித்துத் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் போய்க்கொண்டிருந்த நாட்கள். "கத்தியத் தா, வாரில இழுத்துத் தாறன்" என்று வாங்கி, உள்ளே கொண்டுபோய்க் கொண்டுவந்து தந்தீர்கள். அடுத்த நாள் காலை முகத்தில் வைத்த முதல் இழுப்பிலேயே என்னவோ போலிருந்தது. வலது கன்னத்தில், எப்போதும் சுகமாகப் போகிற இடத்தில், மயிர் வெட்டுப்படும் சத்தம் மாறியிருந்தது. தாளைக் கிழிப்பதுபோல வருகிற சத்தம் இல்லை, மந்தமாக இருந்தது. இடதிலும் அப்படியே. சாய்வைப் பார்த்தேன், நெல்மணி நின்றது. தோலை இழுத்துப் பிடித்தேன். நுரை ஈரமாகத்தான் இருந்தது. பாதி முகத்தோடு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்து, "மாமா, கத்தி மொட்டை" என்றேன்.

நீங்கள் லாச்சியைத் திறந்து மற்றக் கத்தியை எடுத்துத் தந்தீர்கள். முதல் நாள் என்னிடம் வாங்கிய கத்தியை வேண்டுமென்றே கண்ணாடிப் போத்தலின் விளிம்பில் ஒரு தரம் இழுத்துவிட்டுத் தந்திருக்கிறீர்கள். "இண்டைக்குத்தான் ஒனக்குக் கத்தி தெரிஞ்சிரிக்கி" என்றீர்கள். அன்றைக்கும் பிளேன்டீ வந்தது.

உங்கள் கத்தி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வருகிற வெள்ளி ஜும்ஆவுக்கு முந்திக் கொண்டுவந்து தருகிறேன். மூத்தாப்பாவுடையது போதும் இனி. போன கிழமை அதை நானே கல்லில் வைத்து எடுத்தேன், வெளிச்சத்தில் பிடித்தால் கோடு தெரியவில்லை. இடது நாடிக்குக் கீழே மட்டும் இன்னும் எரிகிறது. அது கத்தியின் பிழை இல்லை.

இப்படிக்கு,
பாதி முகத்தோடு கடைக்கு வந்தவன்
மாவடிப்பள்ளி