தலையணை மேல் ஒரு முகம்

நெல்லிவாசல்நாட்டிலே, சாமை காயப் போட்டிருந்த திண்ணை ஒன்றிலே, இளந்தோழர்கள் சூழ்ந்திருக்க அந்தப் படத்தை விரித்தோம். அச்சுப் படந்தான், மூலம் நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் இருக்கிறது. 'நோயுற்ற சிறுமி' என்பது பெயர். தீட்டியவர் எட்வர்ட் மூங்க்.

வெளுத்த தலையணையிலே சாய்ந்த செந்நிறக் கூந்தல் சிறுமி. பக்கத்திலே தலை கவிழ்ந்த மாது. கண்ணுக்கு விருந்து தேடுவோர் ஏமாறுவர்! பூசினார், சுரண்டினார், மீண்டும் பூசினார், படமெங்கும் கீறல்கள். 1886-ல் கண்காட்சியிலே வைத்தபோது, முடியாத படமென்று எள்ளி நகையாடினர். 1937-ல் இட்லர் ஆட்சியோ, இவர் படங்களைச் 'சீர்கெட்ட கலை' என்று ஜெர்மன் காட்சியகங்களினின்றும் அகற்றியது. சீர்கெட்டவர் யாரென்பதை நாடறியும்! அவரோ நாற்பதாண்டுக் காலத்தில் அதே படத்தை மேலும் ஐந்து முறை தீட்டினார்.

ஏன்? அவர் உள்ளத்தே நின்ற முகம் அக்காள் சோஃபியின் முகம். 1868-ல் தாயைக் காசநோய் கொண்டுபோயிற்று. 1877-ல், 15 வயதிலே, அக்காளையும். தந்தை படை மருத்துவர், பெரும் பக்திமானுங்கூட. மருந்துப் பெட்டியும் இருந்தது, மன்றாடலும் இருந்தது, மகள் பிழைக்கவில்லை. அந்நோயின் கிருமியை ராபர்ட் கோக் காட்டியதே 1882-ல் அன்றோ!

இவற்றை நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, வீட்டு மூதாட்டி வந்து குனிந்து பார்த்தார்.

"இருமல் புள்ளையா தம்பி இது?"

திடுக்கிட்டோம். எவரும் சொல்லவில்லையே அவருக்கு!

"எம் மூத்தவளும் இப்படித்தான் சாஞ்சிருந்தா. சாமி குத்தம்னாங்க. கோழி அறுத்தோம், கெடா வெட்டினோம்" என்றவர், படத்து மாதின் மேல் விரல் வைத்தார். "இந்தம்மா மொகத்தை ஏன் எழுதல?"

பதிலுக்கு நாம் தடுமாறினோம். அவரே சொன்னார்: "பாக்க முடியாமத்தான் குனிஞ்சிருக்கா."

கலை நூல்கள் பல புரட்டியவர்கள் நாம், வாயடைத்து நின்றோம்.

அப்போதுதான் உள்ளிருந்து இருமல் கேட்டது. பேத்தியாம், ஒரு மாதமாகவாம். மருந்து தின்ன ஊரை விட்டுப் போகவேண்டுமே என்ற அச்சம். 1956-ல் சென்னையிலே தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் சானடோரியத்தில் இருப்போர்க்கு நிகராகக் குணமாகும் என்று 1959-ல் மெய்ப்பித்ததைச் சொன்னோம். இரண்டு வாரம் தாண்டிய இருமலென்றால் சளியைச் சோதித்தாக வேண்டும், காசநோயானால் அரசே இலவசமாக மருந்து தரும் என்றோம்.

மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு படத்தைச் சுருட்டி நம் கையிலே கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"காலையில வண்டி எத்தினி மணிக்கு, தம்பி?"