பெயரில்லாத அட்டைகள்

தென்னிந்தியப் பொறியியல் கல்லூரிகளில் ஒரு தலைமுறைக்கு நுண்செயலியைக் கற்பித்தவை ஒற்றைப் பலகைக் கணினிகளே. இன்டெல் 1977இல் எஸ்டிகே-85 என்னும் பலகையை வெளியிட்டது. அதே வகையில் பெங்களூரின் எலெக்ட்ரோ சிஸ்டம்ஸ் அசோசியேட்ஸ், சென்னையின் வி மைக்ரோசிஸ்டம்ஸ், மும்பையின் டைனலாக் ஆகிய நிறுவனங்கள் 8085 பயிற்சிப் பலகைகளைச் செய்தன. மாணவர் வழக்கில் அவற்றுக்கு ஒரே பெயர்: 'கிட்'.

கிட்டை நினைவுப்பொருளாக வைத்திருப்போர் உண்டு. அதனோடு இணைத்த அட்டைகளைப் பேணுவோர் அரிது. ஸ்டெப்பர் மோட்டாரைச் சுழற்றியதும், போக்குவரத்து விளக்கை மாற்றியதும், அலைக்காட்டியில் முக்கோண அலையை வரைந்ததும் அவ்வட்டைகள்தாம். ஆய்வகத்தை ஏலத்தில் விடும்போது கிட் ஒரு மூட்டைக்கும் அட்டைகள் வேறொரு மூட்டைக்கும் போகின்றன. கையேடு பழைய தாள் கடைக்குப் போகிறது. அட்டை பிழைத்தாலும் அது எதற்கானது எனச் சொல்லும் தாள் பிழைப்பதில்லை.

வைட்ஃபீல்டில், ஐடிபிஎல்லுக்கு அருகே ஓர் அடுக்ககத்தில் வாழும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இத்தகைய அட்டைகளை இனங்கண்டு சீராக்கி வருகிறார். பால்கனியின் ஒரு பாதி அவருடைய பணிக்கூடம். மறுபாதி துணி உலர்த்தும் கொடிக்கு. எல்லைத் தகராறு இன்னும் தீரவில்லை.

அவருடைய முதல் விதி, அறியாத அட்டைக்கு மின்சாரம் கொடுக்கலாகாது என்பது. முதலில் ஐசிகளின் எண்களைப் படிப்பார். பின்னர் அவற்றின் மின் ஊசியிலிருந்து மல்டிமீட்டரால் தடம் பிடித்து இணைப்பி வரை செல்வார். இங்கே ஒரு பொறி உண்டு. 8085க்கும் 8255க்கும் நாற்பது கால்கள். முன்னதற்கு 40ஆம் காலில் 5 வோல்ட், 20இல் நிலம். பின்னதற்கோ 26இல் 5 வோல்ட், 7இல் நிலம். ஒன்றைப் போலவே மற்றதும் இருக்குமென நம்பினால் ஐசி கருகும். 8255இன் போர்ட் கம்பிகள் 24. மின்சாரமும் நிலமும் சேர்ந்தால் 26. ஆகவே, 26 ஊசி இணைப்பி மட்டும் கொண்ட அட்டை, பெரும்பாலும் கிட்டிலுள்ள 8255ஐ நம்பி வாழ்வது. அதில் நான்கு டிரான்சிஸ்டர்களும் பக்கத்தில் டயோடுகளும் இருந்தால் ஸ்டெப்பர் மோட்டார் எனக் கொள்ளலாம். டிஏசி0800 இருந்தால் 5 வோல்ட் மட்டும் போதாது. எதிர்மறை மின்னழுத்தமும் வேண்டும்.

பழுது நீக்குவது இதைவிட எளிது. கசிந்த நிக்கல்-காட்மியம் மின்கலத்தின் காரத்தை நீர்த்த வினிகரால் தணித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அறுந்த தடத்தை மெல்லிய கம்பியால் இணைப்பார். வேண்டிய சாக்கெட்டுகளுக்கு எஸ்.பி. ரோடு இருக்கிறது.

அவரை அஞ்ச வைப்பது 2716 ஈப்ராம். அதன் கண்ணாடிச் சாளரத்தின்மேல் ஒட்டிய தாள் உதிர்ந்திருந்தால் வெயிலே உள்ளிருப்பதை மெல்ல அழித்துவிடும். ஆதலால் சாளரத்தை மூடிப் படியெடுப்பதே முதல் வேலை. அதிலும் எச்சரிக்கை தேவை: இன்டெலின் 2716க்கு 5 வோல்ட் போதும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஎம்எஸ்2716க்கு மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். சென்ற மழைக்காலத்தில் ஒரு நினைவக அட்டையை இவ்வாறு படித்தபோது, 2048 பைட்டுகளின் கடைசியில், நிரலுக்கு எவ்விதத்திலும் தேவையில்லாத சில ஆங்கில எழுத்துகள் இருந்தன: ஒருவருடைய முதலெழுத்துகளும் ஓர் ஆண்டும். யாரோ ஓர் ஆய்வக உதவியாளராகவோ மாணவராகவோ இருக்கலாம். படியெடுத்த புதிய சில்லிலும் அவர் அவற்றை அப்படியே விட்டுவைத்தார்.

1976இல் வந்த கிம்-1 பலகையின் 44 விரல் இணைப்பியில் எந்த விரல் எதற்கென்பதை இன்றும் எவரும் தேடிப் படிக்கலாம். ஆர்வலர்கள் அதன் கையேடுகளைக் காத்துவிட்டனர். நம் அட்டைகளுக்கு அத்தகைய காப்பகம் அமையவில்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. ஆய்வகப் பதிவேட்டின் இடப்பக்க வெற்றுத்தாளில், மதிப்பெண்ணுக்கு அஞ்சி, மாணவர்கள் பென்சிலும் அளவுகோலும் கொண்டு வரைந்த இணைப்புப் படங்கள். அவருடைய மேசையில் தீராமல் கிடந்த ஒரு லிஃப்ட் மாதிரி அட்டை, உறவினர் வீட்டுப் பரணில் கிடைத்த அத்தகைய ஒரு பதிவேட்டால்தான் மீண்டும் இயங்கியது. எண் சுரண்டப்பட்ட ஐசிகளோடு இன்னும் இரண்டு அட்டைகள் காத்திருக்கின்றன. பரணில் பழைய மைக்ரோபிராசசர் ரெக்கார்டு வைத்திருப்போர், அதைக் கடைக்குப் போடுமுன் இடப்பக்கங்களை மட்டுமாவது ஒளிப்படம் எடுத்து வைக்கலாம்.