வண்ணப் பூச்சின் அடியில்

பல்லாண்டுச் சேமிப்பில் வாங்கிய புதுக் கார், திருத்தணிக்கு வந்த மூன்றாம் வாரம் கதவோரத்தில் கடுகளவு கொப்புளங்களைக் காட்டியது. “பறவை எச்சமாயிருக்கும், பாய், அதற்கு உத்தரவாதம் கிடையாது” என்றனர் விற்பனை நிலையத்தார். எச்சம் மேற்பூச்சை அரிக்கும். இதுவோ பூச்சின் அடியிலிருந்து எழும்பியது. வெயிலில் எடுத்த படங்களுடன் எழுத்து மூலம் முறையிட்டு, ஒப்புகை பெற்றேன். அதன்பின் இலவசமாகவே கதவு முழுவதும் பூசித் தந்தனர்.

மறுத்திருந்தால் வேறு வழியும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் பெறலாம்.

ஆனால், வண்டியை ஒப்படைத்த பணியாளர் சொன்ன சொல்தான் என்னைத் தைத்தது: “நாளை விற்கும்போது யாருக்கும் தெரியாது, பாய்!”

குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமையுண்டு என்று ஃபிக்ஹு வகுப்பில் ஓதிக் கொடுப்பவன் நான். பூச்சு வேலையின் ரசீதைக் கார் ஆவணங்களோடு சேர்த்து வைத்துவிட்டேன். வாங்குபவராக உரிமை கேட்ட நாம், விற்பவராகும் நாளில் கடமையை மறக்கலாமா? சிந்தியுங்கள்!